டாக்டர் மேகநாத சாகா: வாயுக்களின் உண்மைக் கணக்கைத் தேடிய அறிஞர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில் வெளிவரும் இம்மலரில் நம் முன்னோடிகள் பலருடைய வரலாறுகள் இடம்பெறுகின்றன. அண்ணல் அம்பேத்கரையும், அயோத்திதாசப் பண்டிதரையும், இரட்டைமலை சீனிவாசனாரையும் நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். அவர்கள் அவ்வளவாக அறியாத ஒருவரைப் பற்றி நாம் இங்கு எழுதத் துணிந்தோம். அவர் இயற்பியல் பேராசிரியர் டாக்டர் மேகநாத சாகா.

இவ்வரலாற்றை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் நன்கு தேறிய நம் பிள்ளைகளுள் பலர், மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் நமக்கு ஏறாதவை என்று எண்ணி ஒதுங்கி விடுகின்றனர். அவர்களாக எண்ணுவது பாதி. பிறர் சொல்லிச் சொல்லி எண்ண வைத்தது பாதி. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்குச் சாகாவின் வாழ்வே சான்று.

தண்ணீர் நாட்டில் பிறந்த பிள்ளை

மேகநாத சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், அன்றைய கிழக்கு வங்காளத்தில் டாக்கா மாவட்டத்துச் சேவராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் வங்காள தேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாத் சாகா ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார், தாய் புவனேசுவரி. பிள்ளைகள் எண்மருள் மேகநாதர் ஐந்தாமவர். நம் காவிரி வடிநிலத்தைப் போலவே அதுவும் ஆறுகள் பல கிளையாய்ப் பிரிந்து பாயும் நெல் விளையும் நாடு. மழைக்காலத்தில் அங்கு வீட்டை விட்டு வெளியே செல்லப் படகு வேண்டும். கொள்ளிடக் கரையிலும் வெண்ணாற்றுப் படுகையிலும் வாழும் நமக்கு அவ்வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை.

சாகாவின் சமூகம் வங்காளத்தில் வணிகம் செய்து வந்த சமூகம். அது நம்மைப் போல் பட்டியலில் இடம்பெற்ற சமூகம் அல்ல என்பதை மறைக்காமல் கூறுகிறோம். எனினும் மேல்சாதியார் அச்சமூகத்தாருடன் பந்தியில் அமர மறுத்தனர். தாழ்ந்தோர் என்றே அவர்களை ஒதுக்கினர். பெற்றோருக்கோ மகன் கடையில் உட்கார்ந்து வியாபாரம் கற்றால் போதும் என்பதே விருப்பம். ஊர்ப் பள்ளியில் படிப்பு முடிந்ததும், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிமுலியா என்னும் ஊரில் நடுநிலைப் பள்ளி இருந்தது. அவ்வூர் மருத்துவர் அனந்த குமார் தாஸ் என்பவர் தம் வீட்டில் தங்க இடமும் உணவும் அளித்தார். அதற்கு ஈடாகச் சிறுவன் அவ்வீட்டுப் பசுவைப் பராமரிக்க வேண்டும். சாதி வழக்கப்படி தான் உண்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும். உதவியும் இழிவும் ஒரே தட்டில் வந்தன. நம் பெரியவர்கள் பலருக்கும் இது புதிய செய்தியன்று.

மாதம் இரண்டு ரூபாய்

நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றதால் அரசு உதவித்தொகை கிடைத்தது. 1905-இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வாண்டில்தான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. ஆளுநர் பாம்பில்டு புல்லர் பள்ளிக்கு வருகை தந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுள் ஒருவராகச் சாகாவும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு.

ஏழைப் பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் இத்தகைய ஒரு நாளில்தான் முடிந்து போகும். சாகாவின் படிப்பு முடியவில்லை. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி என்னும் தனியார் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. சணல் ஆலையில் சொற்பச் சம்பளத்திற்கு வேலை பார்த்த மூத்த அண்ணன் ஜெயநாத் மாதம் ஐந்து ரூபாய் அனுப்பினார். கிழக்கு வங்க வைசிய சமிதி என்ற சமூகச் சங்கம் மாதம் இரண்டு ரூபாய் அளித்தது. அந்த ஏழு ரூபாயில் டாக்கா நகரில் தங்கிப் படித்து, 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவருள் முதல்வராகத் தேறினார்.

சங்கத்து உறுப்பினர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உண்டியலிலும் சந்தாச் சீட்டிலும் நாம் சேர்க்கும் சிறு தொகை எங்கே போகிறது, யாருக்கு உதவுகிறது என்ற ஐயம் ஆண்டுக் கூட்டந்தோறும் எழுகிறது. அந்த இரண்டு ரூபாயை அளித்த சங்கத்தாருக்கும் அன்று விடை தெரிந்திருக்க முடியாது.

உணவுக் கூடத்தில் மறுக்கப்பட்ட இடம்

1911-இல் டாக்காவில் இடைநிலைக் கல்வியை முடித்துக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சத்தியேந்திர நாத் போஸ் வகுப்புத் தோழர். இளங்கலைத் தேர்விலும், 1915-இல் முதுகலைத் தேர்விலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம்.

வகுப்பறையில் இப்படி ஓங்கி நின்றவருக்கு ஈடன் இந்து விடுதியின் உணவுக் கூடத்தில் இடம் இல்லை. மேல்சாதி மாணவர்கள் அவருடன் ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். கலைமகள் விழாவிலும் அவர் கலந்துகொள்ளத் தடை எழுந்தது. கல்விக்குரிய தெய்வத்தின் விழாவில், கல்வியில் சிறந்த மாணவனுக்கு இடமில்லை. அவர் விடுதியை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கினார். படிப்பை விட்டு வெளியேறவில்லை.

முதுகலை முடித்தபின் அரசின் நிதித்துறைத் தேர்வு எழுத எண்ணினார். புரட்சியாளருடன் தொடர்பு என்ற ஐயத்தால் அனுமதி மறுக்கப்பட்டது. சைக்கிளில் கல்கத்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்று தனிப்பயிற்சி அளித்து வயிறு வளர்த்தார். 1916-இல் அசுதோஷ் முகர்ஜி தாம் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சாகாவையும் போசையும் விரிவுரையாளராக அமர்த்தினார். வெப்ப இயக்கவியலைத் தமக்குக் கற்பிக்க ஆளில்லாத நிலையில், தாமே நூல்களைப் பயின்று மாணவர்க்குக் கற்பித்தார் சாகா. அந்த உழைப்பிலிருந்து பிறந்ததுதான் வாயுக்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி.

வாயுவும் அதன் விலகலும்

இளைஞர்கள் அஞ்ச வேண்டாம். இதனை எளிதாகவே விளக்குகிறோம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்தினால், உள்ளே காற்றின் இடம் குறையக் குறைய அதன் அழுத்தம் கூடுகிறது. இடம் பாதியானால் அழுத்தம் இருமடங்கு என்று 1662-இல் இராபர்ட் பாயில் விதி கண்டார். பின்வந்தோர் வெப்பநிலையையும் சேர்த்து வாயு விதியை முழுமையாக்கினர். இவ்விதிக்கு அப்படியே அடங்கும் வாயுவை இலட்சிய வாயு என்பர்.

இவ்விதி இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. வாயுவின் மூலக்கூறுகள் இடம் எதையும் அடைத்துக்கொள்வதில்லை என்பது ஒன்று. அவை ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையல்ல. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையே அதற்குச் சாட்சி. உருளையில் 14.2 கிலோகிராம் எரிபொருள் திரவமாக அடங்கியிருக்கிறது. இலட்சிய வாயுவாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால்தான் அது திரவமாகிறது.

1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்பவர், கரியமில வாயு 31 டிகிரி செல்சியசுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாவதில்லை என்று கண்டறிந்தார். நம் தஞ்சையின் சித்திரை வெயிலில் அதனைத் திரவமாக்க இயலாது. மார்கழி விடியலில் இயலும். இவ்வெல்லைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். 1873-இல் ஆலந்து நாட்டில் தச்சரின் மகனான வான் டெர் வால்ஸ், மூலக்கூறுகளின் இடத்தையும் ஈர்ப்பையும் சேர்த்து ஒரு சமன்பாடு தந்தார். இலத்தீனும் கிரேக்கமும் பயிலாததால் அவருக்கும் பல்கலைக்கழகக் கதவு நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அவரே 1910-இல் நோபல் பரிசு பெற்றார்.

அச்சமன்பாடு வழி காட்டியது. ஆனால் அளவுகளோடு முற்றும் பொருந்தவில்லை. வாயு மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி, அதனை அழுத்தமும் கன அளவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் இலட்சிய வாயுவுக்கு எப்போதும் 1 கிடைக்கும். மாறுநிலைப் புள்ளியில் வான் டெர் வால்ஸ் சமன்பாட்டின்படி அது 2.67. நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் முதலிய வாயுக்களை அளந்து பார்த்தால் சுமார் 3.4 வருகிறது. இவ்விலகல் எங்கிருந்து வந்தது?

1918-இல் சாகாவும் போசும் சேர்ந்து, இலண்டனில் வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழில் இதற்கு விடை தேடினர். போசின் அச்சேறிய முதல் கட்டுரை அதுவே. அவர்கள் எண்ணிய முறை இது. ஓர் அறைக்குள் மக்கள் ஒவ்வொருவராக வந்து பாய் விரிப்பதாகக் கொள்வோம். முதலில் வருபவர் எங்கு வேண்டுமானாலும் விரிக்கலாம். இரண்டாமவர் முதல்வரின் இடத்தை விட்டு விரிக்க வேண்டும். மூன்றாமவர்க்கு இருவர் இடமும் கிடையாது. வாயுவின் மூலக்கூறுகளுக்கும் இவ்வாறே, பின்வருவதற்கு முன்வந்தவற்றின் இடத்தைக் கழித்துக் கழித்துக் கணக்கிட்டனர். ஈர்ப்பையும் சேர்த்தபோது அந்த எண் சுமார் 3.5 என வந்தது. 2.67 எங்கே, 3.5 எங்கே! அளந்து கண்ட உண்மைக்குக் கணக்கு நெருங்கி வந்துவிட்டது. பிற்காலத்தில் இதனினும் நுட்பமான சமன்பாடுகள் வந்தன. ஆயினும் ஆய்வுக்கருவிகள் மிகக் குறைந்த ஒரு புதுக் கல்லூரியில், இருபத்தைந்து வயது நிரம்பாத இரு இளைஞர் செய்த வேலை அது.

உணவுக் கூடத்தில் இடம் மறுக்கப்பட்டதால்தான் சாகா ஒவ்வொரு மூலக்கூறின் இடத்தையும் எண்ணினார் என்று நாம் கதை கட்டவில்லை. அறிவியல் அப்படிப் பிறப்பதில்லை. ஆனால் இடமே கொள்ளாதது என்று விதி கருதிய ஒன்றுக்கும் உரிய இடத்தைக் கணக்கில் சேர்த்த பிறகே விதி உண்மையை நெருங்கியது என்பதை நம் பிள்ளைகள் மறவாமலிருக்கட்டும்.

விண்மீன்களை எட்டிய கணக்கு

வாயுவைப் பற்றிய சிந்தனை அவரை விண்மீன்கள் வரை கொண்டு சென்றது. மிகுந்த வெப்பத்தில் வாயுவின் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு இவ்வாறு உடையும் என்பதை 1920-இல் ஒரு சமன்பாட்டால் கூறினார். சாகா சமன்பாடு என்று அது உலகெங்கும் வழங்குகிறது. விண்மீனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பநிலையை அறிய அது வழி செய்தது. 1925-இல் சிசிலியா பெயின் என்ற பெண் அறிஞர் அச்சமன்பாட்டைக் கொண்டே, விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று காட்டினார்.

இதற்கு முன் ஒரு கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பியபோது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்குமாறு கேட்டனர். கொடுக்கப் பணமில்லாததால் அது அங்கு முழுமையாக வெளிவரவில்லை. அறிவு இருந்தும் காசில்லாமையால் பின்தங்குவது எவ்வளவு பெரியவருக்கும் நேர்ந்திருக்கிறது.

பின் இலண்டனிலும் பெர்லினிலும் ஆய்வு செய்து திரும்பி, 1923 முதல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பதினைந்து ஆண்டுகள் பேராசிரியராக விளங்கினார். 1927-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து அவர் எழுதி 1931-இல் வெளிவந்த வெப்பவியல் பாடநூலை இந்தியக் கல்லூரி மாணவர் பல தலைமுறையாகப் பயின்றனர். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1938-இல் கல்கத்தா திரும்பி, பின்னர் அங்கு அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கினார்.

ஆறும் அணையும் அண்ணலும்

ஆய்வுக்கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வெள்ளத்தில் வளர்ந்தவர் வெள்ளத்தை மறக்கவில்லை. மாணவராக இருந்தபோதே தாமோதர் வெள்ளத்தில் துயர் துடைக்கச் சென்றார். 1922-இல் வட வங்காள வெள்ளத்தின்போது பிரபுல்ல சந்திர ராயுடன் நின்று பணியாற்றினார். 1935-இல் தொடங்கிய அறிவியலும் பண்பாடும் என்னும் பொருள்படும் ஆங்கில இதழில் ஆறுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1943-இல் தாமோதர் மீண்டும் பெருகியபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஆறு முழுவதையும் ஒன்றாகக் கருதி, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் திட்டமிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்தில் மத்திய அரசில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து, பாசனமும் மின்சாரமும் குறித்த கொள்கையை வகுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1945 சனவரி 3-ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த தாமோதர் பள்ளத்தாக்கு மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டப்படி அமைந்தது. விடுதியில் ஒதுக்கப்பட்டவரும், பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாதென்று விலக்கப்பட்டவரும், ஒரு பெரிய ஆற்றின் தண்ணீரைக் கோடிக்கணக்கான மக்களுக்குப் பயன்படுத்தும் திட்டத்திற்கு உழைத்தார்கள் என்பது நாம் பெருமையோடு எண்ண வேண்டிய செய்தி.

1952-இல் சாகா சுயேச்சையாக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். 1956 பிப்ரவரி 16-ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அண்ணலும் மறைந்தார்.

நம் மண்ணின் மரக்கால்

சாகாவின் கணக்கு எங்கோ விண்மீனுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். நம் காவிரிப் படுகையின் அடியிலும் இயற்கை எரிவாயு உண்டு. நரிமணத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்பட்டன. குத்தாலத்திலும் கோவில்களப்பாளிலும் எரிவாயுவால் மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் அமைந்தன. வயல்களுக்கு இவற்றால் தீங்கு நேருமோ என்ற உழவர்களின் அச்சத்தின் பேரில், 2020-இல் இப்பகுதி பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டதையும் நாம் அறிவோம்.

இவ்வெரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதனோடு ஈத்தேன், புரோப்பேன் முதலியவையும் கலந்திருக்கும். மீத்தேனை 27 டிகிரி செல்சியசில் வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்கு அழுத்தத்தில் வைத்தால், இலட்சிய விதி கூறும் இடத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிலேயே அடங்கிவிடும். ஹைட்ரஜனோ அதே நிலையில் விதி கூறுவதைவிட நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். இவ்விகிதத்தை அமுக்கத்திறன் காரணி என்பர். கலவையாக இருந்தால் தனித்தனி வாயுவின் இயல்பை அறிந்தால் மட்டும் போதாது; வேறுபட்ட இரு மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வாறு ஈர்க்கின்றன என்பதையும் அறிய வேண்டும். வாயுவை ஒரு கலத்தில் அடைத்து, வெறுமையாக்கிய மற்றொரு கலத்திற்குள் படிப்படியாக விரியவிட்டு, ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தை மட்டும் அளந்து இக்காரணியைக் கணக்கிடும் முறையை 1936-இல் பர்னெட் என்பவர் வகுத்தார். இந்தத் திருத்தத்தைச் சேர்க்காமல் எரிவாயுவைக் கன அளவால் விற்றால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை கணக்குப் பிழைபடும். ஒருவர் இழப்பது மற்றவர்க்கு இலாபமாகும்.

அளவில் பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் குத்தகை நெல்லை வாங்கும் மரக்கால் பெரிது. கூலி நெல்லை அளக்கும் மரக்கால் சிறிது. முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது 1940-களில் கீழத்தஞ்சையில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. எரிவாயு மின்நிலையம் அமைந்த அதே களப்பாள் வட்டாரம்தான் களப்பாள் குப்பு போன்ற தலைவர்களைத் தந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் தீயில் மடிந்தன. சரியான அளவு என்பது இம்மண்ணில் நம்மவர் உயிர் கொடுத்துக் கேட்ட உரிமை.

அன்று மரக்காலை அளந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. இன்று அளவுகோல் மாறிவிட்டது. அழுத்தமானி, வெப்பமானி, சமன்பாடு என்று அது நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றும் உருவில் நிற்கிறது. அதைக் கற்றவர் கையில்தான் இனிவரும் கணக்கு இருக்கும். நம் ஊரின் நிலத்தையும் நீரையும் வாயுவையும் யாரோ அளந்து யாரோ எழுதும் கணக்கை நம்பிக் காலந்தள்ள வேண்டாம் என்றால், நம் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நாட்டின் சட்டம் அனைவரும் சமம் என்கிறது. அது நம் இலட்சிய விதி. நடைமுறை அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை நாம் நாளும் காண்கிறோம். விலகல் இருக்கிறதென்று விதியைக் குறை கூறி ஒதுங்குவதும், விதி இருக்கிறதென்று விலகலைக் காணாமல் இருப்பதும் அறிவுடைமை ஆகா. விலகலை எண்ணால் அளந்து, காரணத்தைக் கண்டு, கணக்கைத் திருத்துவதே சாகா காட்டிய வழி.

இளைஞர்களே, மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவைக் கேட்டுப் பெறுங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மனம் தளராதீர்கள். நம் சங்கத்தின் மாலை வகுப்பு உங்களுக்காகவே நடக்கிறது. பெரியோர்களே, சங்கத்துக்கு நீங்கள் தரும் சந்தா சிறிதென்று நாணாதீர்கள். மாதம் இரண்டு ரூபாய் ஒரு சாகாவுக்கு வழிச்செலவாயிற்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் தெருக்களிலிருந்தும் அத்தகையோர் வருவார்கள் என்ற நம்பிக்கையோடு இவ்வரலாற்றை அவர்கள் கையில் அளிக்கிறோம்.